பையைக் காவல் காத்தது போதும்!

சுற்றுலா போனால் கடலில் இறங்குவது கணவரும் பிள்ளைகளும்தான். கரையில் உட்கார்ந்து பையையும் செருப்பையும் காவல் காப்பது நாம். கடந்த ஜனவரியில் எல்.டி.சி.யில் ஒரு வாரம் அந்தமான் போனபோது, இந்த வழக்கத்தை மாற்றினேன்.

முதல் நாள் போர்ட் பிளேர். 2024ல் இதற்கு ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். செல்லுலார் சிறையில், 1906ல் கட்டி முடித்த 7 பிரிவுகளில் 3தான் மிச்சம். அந்தத் தனியறைகளைப் பார்த்துப் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

அடுத்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. எலிபண்ட் பீச்சில், "எனக்கு நீச்சல் தெரியாதே" என்றேன். "தேவையில்லைக்கா" என்று லைப் ஜாக்கெட் மாட்டி, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் பொருத்தி, ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி அழைத்துப் போனார் வழிகாட்டித் தம்பி. பையை அவர் அப்பா பார்த்துக் கொண்டார்; அதாவது, என் பிள்ளைகளின் அப்பா! தண்ணீருக்குள் முகத்தை வைத்தால், பவளப்பாறையும் கோடு போட்ட மீன்களும்! முப்பத்தாறு வயதில் சின்னப் பிள்ளையாகிப் போனேன்.

மறுநாள் முழுக்க ராதாநகர் கடற்கரையில் ஓய்வு. மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது.

போகிற சகோதரிகளுக்குச் சில யோசனைகள்: ஒரு நாள் அலைச்சல், மறுநாள் ஓய்வு என்று திட்டமிடுங்கள். கடல் சீற்றத்தால் கப்பல் நின்றுபோகலாம். விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். பவளத்துண்டு பொறுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். மற்றவர்கள் தயங்காமல் இறங்குங்கள். முழுக்கைச் சுடிதாரே போதும்.

- ஒரு வாசகி, மதுரை.