ஊர்க் கலையரங்கிற்கு ஏற்ற விளக்கு

நமது சிற்றூர்கள் பலவற்றில் இன்று கலையரங்கங்கள் எழும்பியுள்ளன. மூன்று புறம் சுவரும், மேலே கான்கிரீட் கூரையும், முன்புறம் திறந்த வெளியுமாக அவை அமைந்துள்ளன. கட்டடத்திற்குக் காட்டும் அக்கறையை விளக்கிற்கு நாம் காட்டுவதில்லை. பின்சுவரில் இரண்டு குழல் விளக்குகளையும் கூரையின் நடுவே ஒரு பெரிய விளக்கையும் பொருத்தியவுடன் வேலை முடிந்ததாகக் கொள்கிறோம்.

அத்தகைய அரங்கு ஒன்றில் பாரதக் கூத்தினைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. துரியோதனன் வேடம் தாங்கியவர் தேர்ந்த கலைஞர். ஆயினும், தலைக்கு மேலிருந்த விளக்கினால் கிரீடத்தின் நிழல் அவர் கண்களை மறைத்துவிட்டது. நெடுநேரம் அமர்ந்து தீட்டிய முக வண்ணம் முன்வரிசையினருக்கும் விளங்கவில்லை. பின்சுவர் விளக்குகளோ பார்ப்போரின் கண்களைக் கூசச் செய்தன. நள்ளிரவுக்குள் பாதிக் கூட்டம் கலைந்தது. "கூத்து முன்போல் எடுபடுவதில்லை, அடுத்த ஆண்டு நிறுத்திவிடலாம்" என்று பெரியவர் சிலர் பேசிக்கொண்டனர். குறை கூத்தில் இல்லை, விளக்கில் இருந்தது என்பதை எவரும் எண்ணவில்லை. விளக்கின் பிழையால் ஒரு கலை ஊரைவிட்டு அகலலாமா? ஆகவேதான் இது பற்றிச் சிறிது விரிவாக எழுதுகிறோம்.

முன்னாளில் கூத்து தீவட்டி வெளிச்சத்தில் நடந்தது. ஒளி குறைவுதான், எனினும் அது எதிரிலிருந்து, ஏறத்தாழ முகத்தின் உயரத்தில் வந்தது. எனவே கண்ணும் வாயும் நன்கு தெரிந்தன. அரங்க ஒளியில் முதற்கண் கவனிக்க வேண்டியது விளக்கின் வலிமை அன்று, அது வரும் திசையே ஆகும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டான்லி மெக்கண்ட்லெஸ் என்பவர் 1932-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு முறை வகுத்தார். நடிகருக்கு முன்னே, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக, ஏறத்தாழ 45 டிகிரி உயரக் கோணத்தில் இரு விளக்குகள் ஒளி வீச வேண்டும் என்பதே அதன் சாரம். கிரீடம் தரிக்கும் கூத்திற்கு இக்கோணத்தை 30 டிகிரி அளவிற்குத் தாழ்த்துவது நலம். அப்பொழுது ஒளி கிரீடத்தின் கீழே புகுந்து கண்களை எட்டும்.

கணக்கு எளியது. நடிகரின் முகம் மேடைத் தளத்திலிருந்து 5 அடி உயரத்திலும், விளக்கு 15 அடி உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 10 அடி. விளக்கு நடிகருக்கு 17 அடி முன்னே நின்றால் கோணம் 30 டிகிரி ஆகும். ஆகவே மேடைக்கு முன்னே, பார்வையாளரை மறைக்காதபடி, இருபுறமும் ஒவ்வோர் இரும்புக் கம்பம் நடுதல் வேண்டும். ஒளி பரவும் அகலத்தையும் கேட்டு வாங்க வேண்டும். 25 டிகிரி விரிவுள்ள விளக்கு, 20 அடி தொலைவில் ஏறக்குறைய 9 அடி அகலத்திற்கு ஒளி தரும்; 40 டிகிரி விளக்கு 14½ அடிக்குத் தரும். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதையும் மறக்கலாகாது.

இனி, கூரையின் கீழ் அமைக்கும் விளக்கைக் காண்போம். இதற்குத் தடவிளக்கு ஏற்றது. கடைகளில் டிராக் லைட் என்பர். நீண்ட அலுமினியச் சட்டத்தினுள் மின்கடத்திகள் ஓடும். விளக்கை அதில் எவ்விடத்திலும் மாட்டலாம், நகர்த்தலாம், திருப்பலாம். கிராம சபை கூடும்போது மேசையின் மேலும், பள்ளி ஆண்டு விழாவின்போது மேடை நடுவிலும் ஒளியை நிறுத்தலாம். புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. மூன்று சுற்றுத் தடமாயின், விளக்குகளை மூன்று பிரிவாகத் தனித்தனியே ஏற்றி அணைக்கலாம். ஒரு நிறுவனத்தின் விளக்கு மற்றொன்றின் தடத்தில் பெரும்பாலும் பொருந்தாது. ஆதலால் தடத்தையும் விளக்குகளையும் ஒன்றாகவே வாங்குக. சாதாரணத் தடவிளக்கு மழைச்சாரலைத் தாங்காது. அதனை மேடை விளிம்பிலிருந்து சாரல் எட்டாத அளவு உள்ளே தள்ளிப் பொருத்துக. வெளிக்கம்பங்களுக்கு ஐ.பி. 65 தரமுள்ள விளக்குகளே உரியவை.

செலவையும் நோக்குவோம். பழைய பார் விளக்கு ஒன்று 1000 வாட் கொள்ளும். எட்டு விளக்குகளுக்கு 8000 வாட். ஏறத்தாழ 35 ஆம்பியர். எட்டு மணி நேரக் கூத்திற்கு 64 யூனிட் செலவாகும். அதற்கு ஈடான எல்.இ.டி. விளக்கிற்கு 200 வாட் போதும். எட்டும் சேர்ந்து 7 ஆம்பியர். எட்டு மணி நேரத்திற்கு 13 யூனிட்டிற்குள் அடங்கும். வண்ணத்தை உள்ளபடி காட்டும் திறனெண் 90-க்குக் குறையாத விளக்கையே கேளுங்கள். இன்றேல் அரிதாரத்தின் சிவப்பு மங்கித் தோன்றும். 3000 கெல்வின் அளவுள்ள இளமஞ்சள் ஒளி முகத்திற்கு இசைந்தது. விளக்குப் பொறி வைக்கும் உழவர்கள் அறிவர், ஒளி பூச்சிகளை ஈர்க்கும் என்று. நீலம் கலந்த வெண்ணொளியை விட இளமஞ்சளுக்கு அவை குறைவாகவே வரும்.

எல்லாவற்றினும் முதன்மையானது பாதுகாப்பு. மின்கம்பியில் கொக்கி மாட்டி ஒளி பெறுதல் குற்றம். உயிருக்கும் உலை வைப்பது. மின்வாரியத்தின் முறையான இணைப்பையே பெறுக. உரிமம் பெற்றவரைக் கொண்டு வேலை செய்வித்து, இரும்புக் கம்பங்களுக்கு நிலத்தொடர்பு தந்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்துக. தலைக்கு மேல் தொங்கும் ஒவ்வொரு விளக்கிற்கும் தனியே ஓர் எஃகுச் சங்கிலி வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு சோதனை நடத்துங்கள். உள்ளூர்க் கலைஞர் ஒருவரைக் கிரீடத்துடன் மேடையின் இடம், நடு, வலம் ஆகிய மூன்று இடங்களிலும் நிற்கச் செய்யுங்கள். ஊராட்சி உறுப்பினர்கள் கடைசி வரிசையில், தரையில் அமர்ந்து பாருங்கள். அங்கிருந்து அவர் கண்கள் தெரிந்தால் விளக்கு சரி. தெரியாவிட்டால், எத்தனை வாட் இருந்தும் பயனில்லை.