பேராசிரியர் வில்சனும் அரசியல் விஞ்ஞானமும்

நெல்லியடிச் சந்தியிலே தேர்தற் கூட்டங்களைக் கேட்டு வளர்ந்தோர் எம்முட் பலர். ஆயின், மேடையில் முழங்கும் அரசியல் வேறு. வாக்கினையும் சட்டத்தினையும் ஆராய்ந்தறியும் அரசியல் வேறு. பின்னையதை இந்நாட்டிற் பல்கலைக்கழகக் கல்வியாக நிலைநாட்டியோருள் முதன்மையானவர் பேராசிரியர் அல்பிரட் ஜெயரத்தினம் வில்சன் (1928–2000). அவர்தம் பணியை மாணவர் பொருட்டு ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

இலண்டன் பொருளியற் கல்லூரியிற் கலாநிதிப் பட்டம் பெற்ற வில்சன், பேராதனையில் அரசியல் விஞ்ஞானத்தின் முதற் பேராசிரியராக விளங்கினார். 1972இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகஞ் சென்றார். தந்தை செல்வநாயகத்தின் மருமகருமாவார்.

அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று 1970ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல்; அதுபற்றிய அவரது நூல் 1975இல் வெளிவந்தது. அத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு ஏறக்குறைய 38 வாக்குப் பெற்றும் 17 ஆசனங்களையே வென்றது. சிறிலங்கா சுதந்திரக் கட்சியோ, தோழமைக் கட்சிகளுக்குச் சில தொகுதிகளை விட்டுக்கொடுத்து, ஏறக்குறைய 37 வாக்கோடு 91 ஆசனங்களைப் பெற்றது. தொகுதிதோறும் முதல்வருபவரே வெல்லும் முறையின் விளைவு இது. அவ்வாறு கிடைத்த மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு 1972இல் புதிய யாப்பு இயற்றப்பட்டது. சோல்பரி யாப்பிலே சிறுபான்மையோருக்குக் காவலாயிருந்த 29ஆம் பிரிவு அதனுள் இடம்பெறவில்லை. வாக்கெண்ணும் முறை ஓரினத்தின் வாழ்வையே தொடும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

1978ஆம் ஆண்டு யாப்பு, விகிதாசாரத் தேர்தலையும் நிறைவேற்று அதிகாரமுடைய சனாதிபதி பதவியையும் கொணர்ந்தது. பிரான்சிய ஜனாதிபதி டி கோல் வகுத்த ஆட்சிமுறையோடு ஒப்பிட்டு, 1980இல் வில்சன் அதுபற்றி எழுதினார். எழுதியதோடு அமைந்தாரல்லர். சனாதிபதி ஜெயவர்த்தனாவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்குமிடையே தூதராய் நின்று, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் உருவாகத் துணைநின்றார். அச்சபைகளுக்கு 1981 யூன் 4இல் தேர்தல் நடந்தது. அதற்குச் சின்னாள் முன்னரே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. போதிய அதிகாரமும் நிதியுமின்றிச் சபைகள் நலிந்தன. 1983 யூலைக் கலவரத்தோடு அம்முயற்சி முற்றாய்க் குலைந்தது.

யாப்பினால் நோய் தீர்க்கலாமென முயன்றவர் 1988இல் எழுதிய நூலின் பெயரே ‘இலங்கையின் உடைவு’ என்பது. பின்னர்ச் செல்வநாயகத்தின் அரசியல் வரலாற்றை 1994இலும், ஈழத்தமிழர் தேசியத்தின் தோற்ற வளர்ச்சியை 2000இலும் நூலாக்கினார். அவ்வாண்டிலேயே மறைந்தார்.

சட்டத்தை ஆராய்ந்தவர் மக்களின் வரலாற்றை ஆராய்வாரானார். தாம் கைக்கொண்ட வழி பயன்படாதபோது, அதனை மறையாது, ஏன் பயன்படவில்லையென ஆராய்வதும் கற்றோர் கடனேயாம். அரசியல் பயிலும் எம் இளைஞர் இதனை மனங்கொள்வாராக.