பேசியதற்கு அபராதமா? பதிவேட்டைக் கேளுங்கள்

மதுரை சிம்மக்கல்லைச் சுற்றிப் பழக்கடை, இரும்புக்கடை, பழைய புத்தகக் கடை, லாட்ஜ். கொஞ்சம் தள்ளி மாசி வீதிகளின் ஜவுளிக்கடைகள். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கி இரவுவரை இங்கே வேலை பார்ப்பவர்களிடமிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. “பக்கத்து கவுண்டர் பிள்ளையோட பேசிட்டேன்னு சம்பளத்துல இருநூறு பிடிச்சிட்டாங்க சார்.” கொஞ்ச நாளில் அடுத்தது: “நாளைலேர்ந்து வர வேண்டாம்னுட்டாங்க.” இரண்டாவதைச் சொல்ல வருகிறவர் பெரும்பாலும் இரண்டு மாதம் கழித்துத்தான் வருகிறார். அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருக்கும். போதாததற்கு வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருப்பார்.

பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை நேரத்தில் அரட்டை வேண்டாம், வாடிக்கையாளர் நிற்கும்போது செல்போன் வேண்டாம் என்று முதலாளி சொல்லலாம். அதைத் தடுக்கும் சட்டம் கிடையாது. பேச்சுரிமை, அரசியலமைப்பு என்று கல்லாப்பெட்டி முன்னால் வாதாடுவதில் பயனில்லை. ஆனால் ‘பேசாதே’ என்று சொல்வது வேறு. பேசியதற்காகப் பணம் பிடிப்பதும் வேலையைப் பறிப்பதும் வேறு. அந்த இடத்தில் சட்டம் முதலாளியின் கையைக் கட்டியிருக்கிறது. முதலாளிகளில் பாதிப்பேருக்கு இது தெரியாது. தெரிந்த மீதிப்பேர், உங்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் இருக்கிறார்கள்.

பேசினால் தண்டனை என்பது இங்கே மட்டும் நடப்பதல்ல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் போராடியதால்தான் 2018இல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தது. உட்கார்ந்தாலும் சுவரில் சாய்ந்தாலும் சக ஊழியரோடு பேசினாலும் தண்டனை என்று ஜவுளிக்கடைப் பெண்கள் அப்போது வெளியே வந்து சொன்னார்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்கிறது அது. எத்தனை கடையில் இருக்கை இருக்கிறது என்று தீபாவளி நேரத்தில் போய்ப் பாருங்கள். சட்டம் போட்டதோடு வேலை முடிந்தது என்று அதிகாரிகள் நினைத்துவிட்டார்கள்.

அபராத விஷயத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் 19ஆம் பிரிவு இதைப் பற்றியது. 1936ஆம் ஆண்டின் பழைய ஊதியச் சட்டத்திலும் ஏறக்குறைய இதேதான் இருந்தது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு அரசோ அது நியமித்த அதிகாரியோ முன்கூட்டியே ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கடையில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பிடிக்குமுன் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். ஒரு மாதத்தின் மொத்த அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பத்தாயிரம் சம்பளக்காரருக்கு எல்லாம் சேர்த்து 300 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. தவணையாகவும் பிடிக்கக்கூடாது. பிடித்த பணத்தைப் பதிவேட்டில் எழுதி, ஊழியர்களின் நலனுக்கே செலவழிக்க வேண்டும். அது கல்லாவுக்குப் போகக்கூடாது. ஆகவே சண்டை போடாமல் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒப்புதல் பெற்ற பட்டியல் எங்கே, அபராதப் பதிவேடு எங்கே? சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவில் ‘பேசியவர்களுக்கு ஃபைன்’ என்று பெயர் போட்டு அனுப்பியிருந்தால், அதை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். வேலையை விட்டு நிறுத்தினால் முதலில் அந்தக் குழுவிலிருந்துதான் நீக்குவார்கள்.

வேலை நீக்கத்துக்கு 1947 கடைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நிறுத்துவதானால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். ‘பேசிக்கிட்டே இருந்தா’ என்ற ஒரு வரி விசாரணை ஆகாது. நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மேலாளர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

மேல்முறையீட்டுக்கு 30 நாள். ஆணை கையில் கிடைத்த தேதியிலிருந்து 30 நாள். ‘பொங்கலுக்கு அப்புறம் கூப்பிடுறோம்னாங்க’ என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தொலைத்தவர்கள்தான் அதிகம்.

வாய்வார்த்தையாக நிறுத்தினால் ஆணை எங்கிருந்து வரும்? அதற்காகவே வாய்வார்த்தையாக நிறுத்துகிறார்கள். அந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதி முதல் வேலை பார்க்கிறேன், இன்ன தேதியில் இன்னார் இன்ன காரணம் சொல்லி வர வேண்டாம் என்றார், நான் வேலையை விடவில்லை, வேலை தாருங்கள், இல்லையேல் காரணத்தை எழுத்தில் தாருங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தின் நகல், ரசீது, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். பாஸ்புக், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அல்லது ஜி-பே பதிவு, அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எல்லீஸ் நகரில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். பலகையில் ஆணையர், ஆய்வாளர் என்று பல பதவிப் பெயர்கள் இருக்கும். ‘கடைச் சட்டம் 41(2) மேல்முறையீட்டு அதிகாரி யார்?’ என்று பிரிவு எண்ணைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாக ‘புகார்’ என்றால் ஏதாவது ஒரு மேசையில் வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த வாரம் வரச்சொல்வார்கள். அடுத்த வாரங்களிலேயே 30 நாள் கரைந்துவிடும். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை விழாமல் வெளியே வராதீர்கள். முத்திரை மறுத்தால் அன்றே அதே மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுக்கலாம். ஆனால் அது மேல்முறையீட்டுக்கு ஈடாகாது.

மறுபடியும் சொல்கிறேன்: ‘கணக்கு முடிக்க’ என்று நீட்டும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதுதான் பிறகு ராஜினாமாக் கடிதமாகி மேசைக்கு வருகிறது. பாக்கிச் சம்பளம் உங்கள் பணம். அதை வாங்க, தொகையும் தேதியும் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

தடுக்கவே முடியாத பேச்சும் உண்டு. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு தர வேண்டிய ஒரு மணி நேர ஓய்வு உங்களுடையது. அப்போது யாரோடு பேசுகிறீர்கள் என்பது கடையின் கவலை அல்ல. சங்கம் சேர்வதைப் பற்றிப் பேசியதற்காக மிரட்டுவதும் பழிவாங்குவதும் முறையற்ற தொழில் நடவடிக்கை. தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின் இரண்டாவது அட்டவணை அதைத் தெளிவாகவே சொல்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘சும்மா பேசினேன்’ என்று சொல்லி, கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் பாலியல் நோக்கில் பேசுவது அரட்டைக் கணக்கில் வராது. அது பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குற்றச்சாட்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் கடையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய கடை என்றாலோ, முதலாளியே அப்படிப் பேசினாலோ மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100.