பழைய கோப்பும் புதிய கணினியும்

செந்தூலின் பள்ளிகளும் சங்கங்களும் முன்னாளில் வெளியிட்ட ஆண்டுமலர்களின் கணினிக் கோப்புகளை இன்று திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகள் தோன்றக்கூடும். உரை அழியவில்லை, அதைப் படித்துக்காட்டும் எழுத்துருவே இல்லை.

1985இல் முத்து நெடுமாறன் மலேசியாவில் முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னர்த் தோன்றிய எழுத்துருக்கள் பலவும் தமிழெழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களை அளித்தன. அக்காலத்து 16 பிட் மென்பொருள்கள் 64 பிட் விண்டோசில் நேரடியாக இயங்கா. பழைய இயங்குதளத்தைப் புதிய கணினிக்குள் மெய்நிகர்க் கணினியாக நிறுவி அவற்றை இயக்கலாம். அது கோப்பைத் திறக்க உதவும், நிலையான காப்பாகாது.

நிலையான வழி, உரையை ஒருங்குறிக்கு மாற்றுவதே. இங்கு ஒரு நுட்பம் உண்டு. பழைய குறியாக்கங்கள் பெரும்பாலும் ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் எனச் சேமித்தன. ஒருங்குறியோ, நாம் ஒலிக்கும் முறைப்படி, ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கிறது. ஆகவே எண்களை மட்டுமன்றி வரிசையையும் மாற்றுதல் வேண்டும். மாற்றியதை அச்சுப்படியோடு ஒப்பிடுதலும் வேண்டும்.

எக்கோப்பு எவ்வெழுத்துருவில் அமைந்தது என்பதை அறிந்தோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணியைத் தொடங்குவோமாக.