டாக்டர் தரும் கடிதம்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்து டாக்டரின் பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் பிரிவுக்குச் செல்லும் குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆகவே அக்கடிதத்தை வெறும் சலுகைச் சீட்டு என்று எண்ணுவோர் பலர். “நேரே நிபுணரையே பார்த்தால் என்ன? நடுவில் இன்னொரு டாக்டர் எதற்கு?” என்று கேட்போரும் உளர். இதற்கு விடை காண்போம்.

முதலில் சிறிய நிலையம், பின்னரே பெரிய மருத்துவமனை என்னும் ஒழுங்கை 1920-ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் டாசன் பிரபுவின் குழு வகுத்துரைத்தது. 1961-இல் கெர் ஒயிட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கு வெளியிட்டனர். ஒரு மாதத்தில் 1,000 பெரியவர்களில் 750 பேருக்கு ஏதேனும் நோயோ காயமோ ஏற்படுகிறது. டாக்டரை நாடுவோர் 250 பேர். மருத்துவமனையில் சேர்வோர் 9 பேர். வேறொரு டாக்டரிடம் அனுப்பப்படுவோர் 5 பேரே என்று அவர்கள் மதிப்பிட்டனர். டாக்டரை நாடுவோரில் மிகச் சிலரே வேறொரு டாக்டரிடம் அனுப்பப்படுகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

சலித்து அனுப்புவதன் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். 1,000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை அந்தப் பத்துப் பேரில் 9 பேரைக் கண்டுபிடிக்கும். ஆனால் நோயற்றவர்களிலும் பத்தில் ஒருவரை நோயாளி என்று தவறாகக் காட்டும். ஆயிரம் பேரும் நேரே சென்றால், உண்மை நோயாளிகள் 9 பேரோடு நோயற்ற 99 பேரும் வீண் கலக்கத்துக்கு ஆளாவர். முதல் டாக்டர் விசாரித்து, நோயுள்ள பத்துப் பேரும் அடங்கிய 100 பேரை மட்டும் அனுப்பினால், தவறாக அகப்படுவோர் 9 பேரே. சோதனை மாறவில்லை, சலித்தது யார் என்பதே வேறுபாடு. டாக்டரும் சில வேளை தவறக்கூடும். ஆகையால் நோய் தணியாவிடில் மீண்டும் அவரிடம் சென்று சொல்ல வேண்டும்.

கடிதம் என்பது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் கேட்கும் கேள்வி. நோய் எப்போது தொடங்கியது, என்னென்ன மருந்து உண்கிறார், எந்த மருந்து ஒவ்வாது, எதை அறிய அனுப்புகிறோம் என்பவை அதில் இருத்தல் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர் என்னும் செய்தி விடுபட்டு, அங்கே வலிக்கு ஆஸ்பிரின் தரப்பட்டால், உள்ளே இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கேள்விக்குப் பதிலும் வேண்டுமன்றோ? மருத்துவமனை மருந்தை மாற்றிய செய்தி திரும்பி வராவிட்டால், நோயாளி பழைய மாத்திரையையும் புதியதையும் சேர்த்தே விழுங்க நேரும். இக்காலத்தில் கணினி வழியே செய்தி சென்றாலும், மருந்துகளின் பட்டியலை நாமே கையோடு கொண்டு செல்வது நலம்.

ஆனால் மார்பில் கடும் வலி, திடீரென வாய் கோணுதல், கை கால் விழுதல் ஆகியவற்றுக்குக் கடிதம் தேவையில்லை. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். மற்ற வேளைகளில், “என்னை எதற்காக அனுப்புகிறீர்கள்?” என்று டாக்டரிடமே கேட்டறிந்து புறப்படுவோமாக. விடை தெரிந்து செல்பவரே அக்கடிதத்தின் முழுப் பயனையும் பெறுவார்.