ஐந்து பாலம், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை: எப்படி?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர் சொச்சம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்ட வேண்டும். 2022 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் போன்ற பிளக்-இன் ஹைபிரிட் கார், சார்ஜ் நிறைந்திருந்தால், ஐயாறப்பர் கோயில் வாசல் வரை இன்ஜினை எழுப்பாமலே வந்துவிடும்.

பானெட்டுக்குள் 4.4 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின். அதையடுத்து, கியர்பாக்ஸுக்குள்ளேயே 197 குதிரைத்திறன் மின்மோட்டார். வயலில் தண்ணீர் இறைக்கும் 5 எச்பி மோட்டார் நாற்பதை ஒன்றாகக் கட்டினாற்போல! தரைக்கடியில் 25.7 கிலோவாட்-மணி பேட்டரி. அதில் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு; நம் ரோட்டில் குறையும். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து 653 குதிரைத்திறன்.

பாலத்தருகே மாடு குறுக்கே வருகிறது, பிரேக்கை மிதிக்கிறீர்கள். அந்த நொடியில் மோட்டார் டைனமோவாகிறது. சக்கரம் அதைச் சுழற்ற, சாதாரணக் காரில் சூடாகி வீணாகிற சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது.

ஆனால் எடை 2.7 டன். சார்ஜ் போடாத சோம்பேறிக்கு இந்தக் கார் தண்டம். காலிப் பேட்டரியையும் சேர்த்து இன்ஜின்தான் இழுக்கும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் நிரப்ப ஒரு ராத்திரி முழுக்க வேண்டும், கரண்ட் போகாமல் இருந்தால்.