திருப்புளியில் காந்தம் இருக்கட்டும்

ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் கணினி ஆலையைத் திறந்தது 2007-இல். 2020-இல் ஹெச்.பி.யின் மேசைக் கணினிகளும் அங்கேயுள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் உருவாகத் தொடங்கின. ஒரகடம் வரை நீளும் இந்த வட்டாரத்தில் போர்டு, ஸ்க்ரூ, டெஸ்டிங் என்று ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள் ஏராளம். ஆனாலும் வீட்டில் யாராவது சிபியூவைப் பிரித்தால், "காந்தம் உள்ள ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விடாதே, எல்லாம் அழிஞ்சிடும்" என்ற குரல் இன்னும் கேட்கிறது.

அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பழைய ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியின் பூச்சு, சுமார் 300 ஆர்ஸ்டெட் காந்தப்புலம் பட்டாலே பதிவை இழந்துவிடும். இன்றைய ஹார்டு டிஸ்க் தட்டின் பதிவை மாற்றப் பல ஆயிரம் ஆர்ஸ்டெட் வேண்டும். அந்த டிஸ்க்குக்குள்ளேயே, படிக்கும் முனையை அசைப்பதற்கென்று வலுவான நியோடிமியம் காந்தங்களை வைத்திருக்கிறார்கள். திருப்புளி நுனியின் காந்தமோ தூரம் கூடக்கூடச் சட்டென்று தேய்ந்துவிடும். சிறு காந்தத்திலிருந்து இரண்டு மடங்கு விலகினால் எட்டில் ஒரு பங்கு புலம்தான் மிஞ்சும். எஸ்.எஸ்.டி.யிலும் ரேமிலும் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. அதை இந்தக் காந்தத்தால் எதுவும் செய்ய முடியாது.

மின்னணு ஆலைகள் உண்மையில் அஞ்சுவது நம் உடம்பில் ஏறும் நிலைமின்சாரத்துக்கு. உலர்ந்த காற்றில் கம்பளத்தின் மேல் நடப்பவர் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரக் காற்றில் அதே நடை 1,500 வோல்ட்டோடு நின்றுவிடும் என்கிறது இத்துறையில் பரவலாகப் புழங்கும் அட்டவணை ஒன்று. சென்னைப் புழுக்கம் இந்த விஷயத்தில் நமக்கு நல்லதே செய்கிறது, ஏ.சி. அறை அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஏறக்குறைய 3,000 வோல்ட்டுக்குக் கீழே விரலில் 'சுருக்' என்பதே தெரியாது. சில சில்லுகளோ 100 வோல்ட்டுக்கும் குறைவான பாய்ச்சலில் பழுதாகிவிடும். அப்போதே செத்தால்கூடத் தேவலை. பலவீனப்பட்டு, சோதனையில் தேறி, வாங்கியவர் மேசையில் சில மாதம் கழித்துச் சாகும் சில்லுதான் பெரிய தலைவலி.

அதனால்தான் அசெம்பிளி லைனில் மணிக்கட்டுப் பட்டையும், மின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்தும் விரிப்பும். பட்டையின் ஒயரில் 1 மெகாஓம் மின்தடை ஒன்று இருக்கும். தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்த ஒயர் வழியே கால் மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே மின்சாரம் பாயும். வேலை செய்பவரின் உயிரையும் சேர்த்து நினைத்த வடிவமைப்பு அது.

காந்தத்தை முழுக்க மறந்துவிடவும் கூடாது. செல்போனின் திசைகாட்டிச் சில்லு, சென்னையில் ஏறத்தாழ 0.4 காஸ் மட்டுமே உள்ள பூமியின் புலத்தை அளக்கிறது. பக்கத்தில் காந்தமேறிய ஸ்க்ரூ ஒன்று இருந்தாலே அது திசை தப்பும். மூடியை உணரும் சென்சார் அருகே காந்தம் வந்தால் சில லேப்டாப்கள் திரையை அணைத்துவிடும், விலக்கினால் சரியாகிவிடும்.

மற்றபடி காந்த நுனி நமக்கு உதவிதான். கைதவறிய ஸ்க்ரூ மதர்போர்டின் இடுக்கில் போய் ஒளிந்து, சுவிட்சைப் போட்டதும் ஷார்ட் ஆகிப் போர்டையே எரித்துவிடக்கூடும். நுனியிலேயே ஒட்டி நிற்கும் ஸ்க்ரூ அப்படி விழாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டில் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, அதே திருப்புளியோடு வேலையைத் தொடங்கலாம்.